மின்னொளியில் பேஸ்பால்: களத்துக்கு ஏற்ற விளக்கு எது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை மாலைப் பொழுதொன்றில் எந்தச் சிற்றூரின் வழியாகச் சென்றாலும், ஊர்ப்புறத்தே நெடிய கம்பங்களின் உச்சியில் விளக்குகள் எரிவதையும், அவற்றின் கீழே பசும்புல் வெளியில் சிறுவர் சிறுமியர் மட்டையும் கையுறையுமாக ஓடியாடுவதையும் காணலாம். அங்கே ஆடப்படுவது பேஸ்பால். மகனையோ மகளையோ காணக் கடல் கடந்து சென்று திரும்பும் நம்மவர் பலர், பேரக்குழந்தைகள் ஆடும் ஆட்டத்தை மரப்பலகை இருக்கையில் அமர்ந்து, விதிகள் விளங்காமலேயே கண்டு களித்து வந்திருக்கின்றனர். அந்த விதிகளை விளக்க நாம் இங்கு முற்படவில்லை. கம்பங்களின் உச்சியில் எரிகின்ற விளக்குகளைப் பற்றியே சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

ஓர் ஊர் தன் ஆடுகளத்துக்கு விளக்கு வாங்க முனையும்போது முதலில் எழும் வினா, "குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தரும் விளக்கு எது?" என்பதே. வினா நியாயமானதுதான். ஆயினும் அவ்வினாவுக்கு மட்டும் விடை தேடி வாங்கிய விளக்குகள் பல களங்களில் பயனற்றுப் போயிருக்கின்றன. விளக்கு எத்துணை வெளிச்சத்தை உமிழ்கிறது என்பது ஒரு செய்தி. அவ்வெளிச்சத்தில் எவ்வளவு பந்தின்மீது விழுகிறது, எவ்வளவு ஆடுவோரின் கண்ணில் குத்துகிறது, எவ்வளவு பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் புகுகிறது என்பன வேறு செய்திகள். சிக்கனம் என்பது இவை யாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதாகும்.

விளக்கின் வேலையை அறிவதற்கு ஆட்டத்தின் அமைப்பைச் சிறிதளவேனும் அறிந்துகொள்ள வேண்டும். நான்கு தளங்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் அமைந்திருக்கும். பெரியோர் ஆட்டத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர். சிறுவர் ஆட்டத்தில் 60 அடி. இச்சதுரமும் அதை ஒட்டிய பகுதியும் உட்களம். அதற்கப்பால் விசிறிபோல் விரிந்து கிடப்பது வெளிக்களம். பந்தெறிபவர் உட்களத்தின் நடுவிலே நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள தாய்த்தளத்தை நோக்கிப் பந்தை வீசுகிறார். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. சிறுவர் ஆட்டத்தில் வேகம் குறைவு. ஆனால் தொலைவும் 46 அடியாகக் குறைந்துவிடுகிறது. ஆதலின், பத்து வயதுப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே அரை நொடிதான் கிடைக்கிறது. இருளும் ஒளியும் திட்டுத்திட்டாகக் கிடக்கும் களத்தில், அந்த அரை நொடிக்குள் பந்தைக் காணத் தவறினால், அடி முகத்தில் விழும்.

மற்றொரு தேவையும் உண்டு. மட்டையில் பட்ட பந்து சில வேளைகளில் வானோக்கி எழும்பி, கம்பங்களின் உச்சியையும் கடந்து, பின்னர் வெளிக்களத்தில் இறங்கும். அதைப் பிடிக்க நிற்பவர் அண்ணாந்து பார்த்தபடியே ஓடுவார். விளக்குகள் யாவும் தரையை மட்டுமே நோக்கி நின்றால் மேலே சென்ற பந்து இருளில் மறைந்துவிடும். விளக்குகள் கண்ணை நோக்கி நின்றாலோ, பந்து ஒளிவெள்ளத்தில் மறைந்துவிடும். கூடைப்பந்துக்கோ டென்னிசுக்கோ விளக்கமைத்த அனுபவம் இங்கே முழுதும் பயன்படாமைக்கு இதுவே காரணம்.

இவ்விடர்பாடு புதியதன்று. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நாண்டாஸ்கெட் கடற்கரையில் மூன்று மரக் கோபுரங்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு மின்விளக்குகளைப் பொருத்தி, பாஸ்டன் நகரின் இரு பெருங்கடைகளின் ஊழியர்கள் இரவிலே பேஸ்பால் ஆடினர். மின்விளக்கைப் பொதுமக்களுக்குக் காட்டி விற்பதே அதன் நோக்கம். ஆட்டம் 16-க்கு 16 எனச் சமனில் முடிந்தது. மங்கிய ஒளியில் பந்தை நழுவவிட்டவர்களுக்குக் குறைவில்லை.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1930-இல், கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்னும் கறுப்பினக் குழுவினர் மின்னாக்கி இயந்திரத்தையும் மடக்குக் கம்பங்களையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று இரவாட்டம் நடத்தினர். நிறவேற்றுமையால் பெருங்குழுக்களில் இடம் மறுக்கப்பட்ட அவ்வாட்டக்காரர்கள்தாம், பகலில் உழைத்து இரவில் ஓய்ந்திருக்கும் மக்களிடம் ஆட்டத்தைக் கொண்டு சென்றவர்கள். அவர்களுடைய கம்பங்கள் போதிய உயரமில்லாதவை. உயர எழும்பிய பந்து விளக்குக்கு மேலே சென்று மறைந்துபோகும். பெருங்குழுக்களின் களத்தில் விளக்கு ஏறியதோ 1935 மே 24-ஆம் நாளில். சின்சினாட்டி நகரின் கிராஸ்லி களத்தில் 632 விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் அமர்ந்தவாறே விசையை அழுத்த, சின்சினாட்டியில் களம் ஒளி பெற்றது. பொருளாதார மந்தத்தால் வேலை நாட்களின் பகலாட்டத்துக்குக் கூட்டம் வாராதிருந்த காலம் அது. அன்றிரவு இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

இனி அளவைகளுக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியையும், தரையில் வந்து விழும் ஒளியையும் நாம் "வெளிச்சம்" என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பொறியியலார் இரண்டையும் பிரித்து, முன்னதை லூமென் என்றும் பின்னதை லக்ஸ் என்றும் அளக்கின்றனர். கிணற்றிலிருந்து இறைத்த நீர் லூமென் எனில், வயலின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் பாய்ந்து நிற்கும் நீரே லக்ஸ். வாய்க்கால் ஒழுகினால், இறைத்த நீர் எத்துணை மிகுதியாயினும் பயிர் வாடத்தான் செய்யும். விளக்கு விற்பவர்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டுவது இறைத்த நீரின் கணக்கை. வாங்குபவர் கேட்க வேண்டியது வயலில் நின்ற நீரின் கணக்கை.

அமெரிக்கர் லக்ஸுக்குப் பதிலாக இன்னும் பழைய அளவொன்றைக் கையாளுகின்றனர். ஒரு மெழுகுவத்தியின் சுடர் ஓரடித் தொலைவில் தரும் ஒளியே அவ்வளவு. அது சுமார் 10.8 லக்ஸுக்குச் சமம். 1939-இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் ஊரில் தோன்றி, இன்று பல நாடுகளில் சிறுவர் ஆட்டங்களை நடத்திவரும் லிட்டில் லீக் அமைப்பு, தன் களங்களுக்கு உட்களத்தில் அத்தகைய 50 அளவுகளும், வெளிக்களத்தில் 30 அளவுகளும் சராசரியாக வேண்டும் என விதித்துள்ளது. லக்ஸ் கணக்கில் சுமார் 540, 320. நல்ல அலுவலக மேசையில் விழும் ஒளி 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். முழுநிலவின் ஒளியோ ஒரு லக்ஸின் சிறு பகுதியே. இவற்றோடு ஒப்பிட்டால் கணக்கு மனத்தில் பதியும்.

பெருங்குழுக்களின் அரங்குகளில் இதனினும் பன்மடங்கு ஒளி வேண்டும். அது ஆடுவோருக்காக அன்று. தொலைக்காட்சிப் படக்கருவிக்காகவும், நெடுந்தொலைவில் அமர்ந்திருக்கும் பார்வையாளருக்காகவுமே. இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிற்றூர்க் குழுக்கள் தொலைக்காட்சியில் கண்ட பேரரங்கின் ஒளியைத் தம் களத்திலும் காண ஆசைப்பட்டு, தேவைக்கு மூன்று மடங்கு விளக்குகளை வாங்கிவிடக்கூடும். பிள்ளைகள் ஆடும் களத்துக்குப் பிள்ளைகளின் கண்ணுக்குரிய ஒளி போதும். அதற்கு மேல் செலவிடுவது ஊர்ப்பணத்தை வானத்தில் இறைப்பதாகும்.

சராசரி மட்டும் போதாது, சீர்மையும் வேண்டும். ஓரிடத்தில் 900 லக்ஸும் பக்கத்தில் 180 லக்ஸும் விழுந்தாலும் சராசரி 540 என்றே வரும். ஆனால் வெளிச்சத் திட்டிலிருந்து நிழல் திட்டுக்குள் புகும் பந்து கணப்பொழுது கண்ணுக்குத் தப்பிவிடும். அதன் வேகம் மாறியதுபோலவும் தோன்றும். ஆகவே உட்களத்தில் மிகு ஒளி விழும் இடம், மிகக் குறைந்த ஒளி விழும் இடத்தைவிட இரு மடங்குக்கு மேற்படலாகாது என்றும், வெளிக்களத்தில் இரண்டரை மடங்குக்கு மேற்படலாகாது என்றும் விதி செய்துள்ளனர். 500 லக்ஸ் சீராக விழும் களம், 800 லக்ஸ் தாறுமாறாக விழும் களத்தைவிடப் பாதுகாப்பானது, செலவும் குறைந்தது.

இவ்வளவும் தெளிந்த பின்னரே விளக்கின் வகையைப் பற்றி யோசிக்க வேண்டும். சின்சினாட்டியில் எரிந்தவை இழை விளக்குகள். நம் வீடுகளில் குண்டு பல்பு என வழங்கியவற்றின் பேருருவங்கள். ஒரு வாட் மின்விசைக்கு அவை தந்தது ஏறத்தாழ 15 முதல் 20 லூமென், எஞ்சியதெல்லாம் வெப்பம். பின்னர் வந்தவை மெட்டல் ஹாலைடு விளக்குகள். வாட்டுக்கு 80 முதல் 100 லூமென் வரை தரும் இவையே பல பத்தாண்டுகள் ஆடுகளங்களை ஆண்டன. 1,500 வாட் விளக்கு ஒன்று, தன் துணைக்கருவி உண்ணும் மின்விசையும் சேர, சுமார் 1,600 வாட் கொள்ளும்.

இடையில் சோடியம் விளக்குகளும் இருந்தன. நம் நகர வீதிகளை மஞ்சள் ஒளியில் ஆழ்த்தியிருந்த அவ்விளக்குகளை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாட்டுக்கு 100 லூமெனுக்கும் மேலாகத் தரவல்லவை அவை. கணக்கின்படி மெட்டல் ஹாலைடையும் வென்றவை. எனினும் பேஸ்பால் களத்தில் அவை நிலைபெறவில்லை. அந்த மஞ்சள் ஒளியில் நிறங்கள் மங்கிப்போகும். பேஸ்பால் பந்து வெள்ளைத் தோலில் சிவப்பு நூலால் தைக்கப்பட்டது. அந்தச் சிவப்புத் தையல் சுழலும் விதத்தைக் கண்டே தேர்ந்த மட்டையாளர் பந்தின் போக்கை உணர்கிறார். கதிரவன் ஒளிக்கு 100 என மதிப்பிடும் நிறங்காட்டும் எண்ணில் சாதாரணச் சோடியம் விளக்குக்குக் கிடைப்பது 25-ஐ ஒட்டியே. ஆடுகளத்துக்கென ஆக்கப்படும் எல்.இ.டி. விளக்குகள் 70-க்குக் குறைவதில்லை. லூமென் கணக்கை மட்டும் நம்பி வாங்குபவர் எங்கே இடறி விழுவார் என்பதற்குச் சோடியம் விளக்கைவிட நல்ல சான்று வேறில்லை.

எல்.இ.டி. விளக்கு வந்ததும் நிலைமை மாறிற்று. வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு வழிகோலிய நீல ஒளி டயோடைக் கண்டமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டிலேயே, 2015-இல், சியாட்டில் நகரின் பேரரங்கில் பெருங்குழு ஆட்டம் எல்.இ.டி. ஒளியில் நடைபெற்றது.

எல்.இ.டி. வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் வரை தருகிறது. மெட்டல் ஹாலைடு 80 முதல் 100 எனில், வேறுபாடு அப்படியொன்றும் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதன்றே என நேயர்கள் வினவலாம். வினா சரியானது. மிச்சத்தின் மறைபொருள் வேறிடத்தில் இருக்கிறது. மெட்டல் ஹாலைடு குமிழ் நாற்புறமும் ஒளியைச் சிந்தும். பின்னும் பக்கத்திலும் சென்ற ஒளியைக் கண்ணாடிபோன்ற கிண்ணத்தால் மடக்கி முன்னே தள்ள வேண்டும். மடக்கும்போது ஒரு பகுதி வீணாகும். தள்ளும்போது ஒரு பகுதி வேலிக்கு வெளியே விழும். எல்.இ.டி.யோ இயல்பாகவே ஒரு பக்கமாக ஒளிவிடுவது. ஒவ்வொரு சிறு துண்டின் முன்னும் ஒரு வில்லையை வைத்து, இவ்வொளி இன்ன இடத்தில் விழுக எனக் குறிவைக்கலாம். அதனால்தான் ஏறத்தாழப் பாதி மின்விசையில் களத்தில் அதே ஒளியைப் பெற முடிகிறது. குறிவைக்கும் வில்லையும் மறைப்புத் தகடும் இல்லாத மலிவான எல்.இ.டி. விளக்கை வாங்கிப் பொருத்தினால் அந்த மிச்சத்தின் பெரும்பகுதி காற்றில் போய்விடும்.

மெட்டல் ஹாலைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருமுறை அணைந்தால் உடனே எரியாது. சூடு தணிந்து மீண்டும் முழு ஒளி பெறப் பத்து, பதினைந்து நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகும். 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டம் மின்தடையால் 34 நிமிடங்கள் நின்றுபோனதைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். விசை மீண்ட பின்னும் விளக்குகள் மெல்ல மெல்லத்தான் ஒளி பெற்றன. இக்குணத்தால் சிற்றூர்க் களங்களில் நேர்வது யாதெனில், ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை, முக்கால் மணியானாலும் விளக்கை அணைக்காமலே விட்டுவிடுவர். எல்.இ.டி. தொட்டவுடன் எரியும், தொட்டவுடன் அணையும், வேண்டுமானால் பாதியாகவும் எரியும். ஆட்டத்துக்கு முழு ஒளி, பயிற்சிக்குப் பாதி ஒளி, ஆட்டம் முடிந்து மக்கள் கலைந்து செல்லும்போது கால்பங்கு ஒளி என வகுத்துக்கொள்ளலாம். பேரரங்குகளில் வெற்றி அடி விழுந்தவுடன் விளக்குகளைச் சிமிட்டி வேடிக்கை காட்டுவதும் இக்குணத்தால்தான். வேடிக்கையில் நமக்குப் பெரிதாக நாட்டமில்லை. அணைக்க முடிவதே பெரும்பேறு என்று கருதுகிறோம்.

கம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விளக்கைப் பற்றிச் சொல்வது அரைகுறைப் பேச்சாகும். சிறுவர் களங்களில் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டுக் கம்பங்கள் நிறுத்துவர். உயரம் 60, 70 அடி. செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் கை வைப்பது இந்த உயரத்தில்தான். நாற்பது அடிக் கம்பம் மலிவு. ஆனால் குட்டையான கம்பத்திலிருந்து களத்தின் நடுவை எட்ட வேண்டுமாயின் விளக்கைச் சாய்வாக, ஏறக்குறையக் கிடைமட்டமாக நிறுத்த நேரும். அவ்வாறு நின்ற விளக்கு எதிரே நிற்பவரின் கண்ணில் நேராகப் பாயும். களத்தைக் கடந்து எதிர் வீட்டு மாடியிலும் விழும். உயர்ந்த கம்பத்திலிருந்து ஒளி செங்குத்தாக இறங்கும். கண்ணும் கூசாது, வெளியேயும் சிந்தாது. கம்பத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் களம் உள்ளளவும் மின்கட்டணத்திலும் அயலார் மனக்கசப்பிலும் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

கம்பத்தை நிறுத்தும் இடமும் மனம்போனபடி தேர்வதற்குரியதன்று. மட்டையாளர் பந்தெறிபவரை நோக்கி நிற்கிறார். ஆகவே பந்தெறிபவருக்கு நேர் பின்னே, வெளிக்களத்தின் நடுவில் கம்பம் நிற்கலாகாது. அங்கு விளக்கு எரிந்தால், அதன் ஒளிப்பின்னணியில் வரும் வெண்பந்தை யாரால் காண இயலும்? இரு கம்பங்கள் தாய்த்தளத்துக்குப் பின்புறத்தே இருபுறமும், இரண்டு பக்கக் கோடுகளை ஒட்டி, இரண்டு வெளிக்களத்தில் நடுவிடத்தை விலக்கி என நிறுத்துவது வழக்கு. உயர எழும் பந்துக்காகச் சிறிதளவு ஒளியை மேல்நோக்கியும் விடுவர். அது தனியாகக் கணக்கிட்டு விடும் மெல்லொளி, தவறிச் சிந்திய ஒளியன்று. எல்.இ.டி. துண்டுகள் மிகச் சிறியவையாதலின் அவற்றின் பிரகாசம் ஊசிபோல் குத்தும். மறைப்புத் தகடு பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்காமல் வாங்குவது தகாது.

அயலாரைப் பற்றிக் குறிப்பிட்டோம். இதன்பொருட்டு அமெரிக்காவில் நடந்த நெடும்பூசல் சிகாகோ நகருடையது. அங்குள்ள ரிக்லி களம் 1914-இல் திறக்கப்பட்டது. குடியிருப்புகளின் நடுவே இருப்பது. 1941-இல் அங்கு விளக்கமைக்கப் பொருள்களெல்லாம் வாங்கியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கவே, உரிமையாளர் அவற்றை அரசின் போர்ப்பணிக்கு அளித்துவிட்டார். பின்னாளில் விளக்கமைக்க முனைந்தபோது, இரவுக் கூட்டமும் இரைச்சலும் ஒளியும் தங்கள் உறக்கத்தைக் கெடுக்குமென அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. 1988-இல் நகராட்சி விதி தளர்த்தப்பட்ட பின்னரே விளக்கேறிற்று. அப்போதும் ஆண்டுக்கு 18 இரவாட்டங்களுக்கு மேற்படலாகாது என வரையறுத்தனர். ஆகஸ்டு 8-ஆம் நாள் ஏற்றிய விளக்கின் கீழ்த் தொடங்கிய முதல் ஆட்டம் பாதியிலேயே மழையால் நின்றது; மறுநாள் நடந்த வேறோர் ஆட்டமே முறையாக முடிந்தது. எதிர்த்தவர்களின் மனம் அம்மழையால் குளிர்ந்திருக்கும் போலும்.

இன்று பல ஊர்களில், களத்தின் எல்லையில் இத்தனை லக்ஸுக்கு மேல் ஒளி விழக்கூடாது, இரவு இத்தனை மணிக்கு விளக்கு அணைய வேண்டும் என்று விதிகள் உள்ளன. நீலம் மிகுந்த வெள்ளொளி வானில் அதிகமாகச் சிதறி விண்மீன்களை மறைக்கிறது, பூச்சிகளையும் ஈர்க்கிறது. ஆதலால் நீலம் மட்டுப்பட்ட ஒளியைத் தேர்வதும், ஆட்டம் முடிந்த கையோடு அணைப்பதும் ஊரார்க்கும் உயிர்களுக்கும் செய்யும் மரியாதை.

மின்கட்டணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு களத்தில் 1,600 வாட் கொள்ளும் மெட்டல் ஹாலைடு விளக்குகள் 30 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 கிலோவாட். இரவுக்கு மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 100 இரவுகள் எனில் 14,400 யூனிட். பாதி மின்விசை கொள்ளும் எல்.இ.டி.க்கு மாற்றினால் 7,200 யூனிட் மிச்சம். ஆனால் ஒவ்வோர் இரவும் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் யாரும் அணைக்காமல் விட்டால், 2,400 யூனிட் வீணாகும். மிச்சத்தில் மூன்றிலொரு பங்கு போயிற்று. நேரம் குறித்து அணைக்கும் கருவிக்குச் செலவிடுவது இதனாலேயே தகும்.

அமெரிக்க மின்நிறுவனங்கள் பல, வாணிகப் பயனாளரிடம் யூனிட்டுக்கு மட்டுமன்றி, அம்மாதத்தில் ஒருசமயம் இழுத்த உச்ச மின்விசைக்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன. மாதத்தில் ஒரே ஓர் இரவு ஆடினாலும் 48 கிலோவாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியதுதான். சில ஆட்டங்களே நடக்கும் களத்தில், யூனிட்டில் கிடைக்கும் மிச்சத்தைவிட உச்சக் கட்டணத்தில் கிடைக்கும் மிச்சமே பெரிதாக இருக்கும். மறுபுறம், ஆண்டுக்குப் பத்திருபது இரவுகள் மட்டும் ஆடி, உச்சக் கட்டணமும் இல்லாத ஊரில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய விளக்குகளைக் கழற்றியெறிந்து புதியவற்றை வாங்கினால், போட்ட முதல் திரும்ப நெடுங்காலமாகும். அத்தகைய ஊருக்கு நாம் அவசரப்பட வேண்டாமென்றே சொல்வோம். 1,500 வாட் மெட்டல் ஹாலைடு குமிழின் ஆயுள் சுமார் 3,000 மணி. அதற்குள்ளேயே ஒளியும் தேயும். எல்.இ.டி. 50,000 மணிக்கும் மேல் எனச் சொல்லப்படுகிறது. ஆனால் அதன் மின்வழங்கு கருவி அதற்கு முன்னரே பழுதுறலாம். உத்தரவாதம் கருவிக்கும் உண்டா, 70 அடி உயரத்தில் ஏறி மாற்றும் கூலிக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குதல் நலம்.

பழைய கம்பத்திலேயே புதிய விளக்கை ஏற்ற நினைப்பவர்கள் முதலில் கம்பத்தைச் சோதிக்க வேண்டும். புதிய விளக்குக் கூடுகள் சில பழையவற்றைவிட எடை மிகுந்தவை. காற்றை எதிர்க்கும் பரப்பும் வேறுபடும். அடியில் மக்கிய மரக்கம்பமும் துருவேறிய இரும்புக்கம்பமும் புயற்காற்றில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இடிதாங்கும் புவி இணைப்பும் அவ்வாறே.

பேஸ்பால் நம் நாட்டில் வேரூன்றாத ஆட்டம். ஆயினும் மின்னொளி ஆட்டம் நமக்கு அயலானதன்று. 1982 ஆசிய விளையாட்டுக்கென எழுந்த தில்லி நேரு அரங்கில், 1984 செப்டம்பர் 28-ஆம் நாள் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மின்னொளியில் ஒருநாள் கிரிக்கெட் ஆடின. மின்னொளிக் கபடி தமிழருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்தால் எல்.இ.டி. விளக்கு வீடுதோறும் புகுந்தது. பிலாய், ஜாம்ஷெட்பூர் போன்ற தொழில்நகரங்களிலும், மும்பை, தில்லிக் குடியிருப்புகளிலும் வாழும் நேயர்களுள் சிலர், தத்தம் குடியிருப்பின் கைப்பந்துக் களத்துக்கோ கிரிக்கெட் திடலுக்கோ விளக்கு வாங்கும் குழுவில் இருக்கக்கூடும். மேலே கூறிய கணக்கும் வினாக்களும் அங்கும் செல்லும். இங்கும் பெரிய இணைப்புகளுக்கு உச்சத் தேவைக் கட்டணம் உண்டு.

அவர்கள் மறவாது செய்ய வேண்டியது ஒன்று. விலைப்புள்ளி கேட்கும்போதே, விளக்கின் வாட்டையும் லூமெனையும் எழுதாமல், களத்தில் எங்கே எத்தனை லக்ஸ் வேண்டும், மிகுதிக்கும் குறைவுக்கும் எத்தனை மடங்கு இருக்கலாம், எல்லை வேலியில் எத்தனை லக்ஸுக்கு மேற்படலாகாது என்று எழுதுக. விளக்குகளைப் பொருத்தி முடிந்ததும், நிலவில்லாத ஓர் இரவில், தரையில் 20 அல்லது 30 அடிக்கு ஒரு புள்ளியாகக் குறித்து, ஒளிமானியை ஒவ்வொரு புள்ளியிலும் பிடித்து அளந்து ஒரு தாளில் பதிக. பின்னர் ஒருவரை மட்டையாளர் நிற்கும் இடத்திலும், ஒருவரை வெளிக்களத்தின் கோடியிலும் நிறுத்தி, கண் கூசுகிறதா என்று கேட்க. வேலிக்கு அப்பாலுள்ள வீட்டாரின் வாசலுக்கும் சென்று பார்க்க. எண்கள் ஒப்பந்தத்தோடு பொருந்தினால் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கலாம். பொருந்தாவிடில், ஏணியும் ஆளும் களத்தில் இருக்கும்போதே விளக்கைத் திருப்பி வைக்கச் சொல்லலாம். அன்று திருப்புவதற்குத் தனிக்கூலி இல்லை.